தண்ணீர் குடிக்காத நிழல்

சந்தனமாரியின் இடது சிறுநீரகத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது அவள் பிறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ஏழாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இடுப்புக்கு மேலே கருப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. "இங்க தண்ணி தேங்கி நிக்குதும்மா, பெரிய டாக்டரப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று முதல் ஆறு வருடமாகப் பேச்சியம்மாள் உப்பளத்தில் லீவு சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு டாக்டர் ஜெசிந்தாவிடம் வந்துகொண்டிருக்கிறாள்.

ஜெசிந்தா குழந்தைகளுக்கான சிறுநீரக அறுவை மருத்துவர். வேலையில் அவளுக்கு மிகப் பிடித்த பகுதி, கத்தி எடுப்பதற்கு முன்னால் தாளில் படம் போட்டு விளக்குவதுதான். பேச்சியம்மாளுக்கு முதல் நாளே ஒரு புனல் வரைந்து காட்டினாள். சிறுநீரகத்துக்குள் அப்படி ஒரு புனல் இருக்கிறது. இரத்தத்திலிருந்து வடிந்த நீர் அதில் சேரும். புனலின் அடியில் ஒரு மெல்லிய குழாய். அது வெறும் குழாய் இல்லை; மண்புழு மாதிரி நெளிந்து நெளிந்து நீரை மூத்திரப் பைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். புனலும் குழாயும் சேருகிற கழுத்து சில பிள்ளைகளுக்கு இறுக்கமாக அமைந்துவிடுகிறது. நீர் இறங்க முடியாமல் புனல் உப்புகிறது. உப்பிய புனல் சுற்றியிருக்கும் சதையை நசுக்குகிறது. நசுங்கிய சதை திரும்ப வளராது.

"அப்போ வெட்டிச் சரி பண்ணிர வேண்டியதுதான டாக்டரம்மா?"

"அங்கதான் சிக்கல். நெறையப் பிள்ளைங்களுக்கு வளர வளரத் தானாவே சரியாயிடும். அவங்களப் போய் வெட்டினா சும்மா ஒரு பிள்ளையக் கீறின மாதிரி. சரியாகாத பிள்ளைய வெட்டாம விட்டா, கிட்னி போயிடும். ரெண்டும் ஆரம்பத்துல ஒரே மாதிரிதான் இருக்கும்."

எந்தப் பிள்ளை எந்த வகை என்று கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று இருந்தது. கையில் ஊசி குத்தி, மருந்து ஏற்றி, நிறைய நீர் செலுத்தி, ஒரு கேமராவுக்குக் கீழே அசையாமல் படுக்க வைக்க வேண்டும். மருந்து புனலில் தேங்குகிறதா, வழிந்து போகிறதா என்று பார்க்கலாம். பிள்ளைகள் கதறுவார்கள். நிழல்கள் வந்த பிறகு அந்தக் கேமராவின் மேல் துணி போட்டு மூடிவிட்டார்கள்.

நிழல் என்று பெயர் வைத்தது நர்ஸ்கள். நிழல்களை நடத்தியவன் இசக்கிராஜ். அவன் டாக்டர் இல்லை, கணினிப் பொறியாளன். சந்தனமாரிக்கு நிழல் எடுக்க வந்த அன்று பேச்சியம்மாள் அவனிடம் கேட்ட கேள்விகளை ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள்.

"உங்க பிள்ள மாதிரியே கணினிக்குள்ள ஒரு பிள்ளைய உண்டாக்குவோம்க்கா. அதே கிட்னி, அதே உடம்பு, அதே குணம். அதப் பதினாறு வயசு வரைக்கும் வேகமா வளர விடுவோம். ரெண்டு பிள்ள. ஒண்ணுக்கு ஆபரேசன் பண்ணுவோம், ஒண்ண அப்படியே விடுவோம். எது நல்லா இருக்கோ அதப் பாத்து உங்க பிள்ளைக்கு முடிவு பண்ணுவோம்."

"அதுக்கு உசுரு இருக்கா தம்பி?"

"இல்லக்கா. கணக்குதான்."

"கணக்கு தண்ணி குடிக்குமா?"

"குடிக்கிற மாதிரி கணக்கு."

"ஒண்ணுக்குப் போவுமா?"

"அதுக்குத்தான அக்கா இம்புட்டுப் பாடு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவன் அவளுடைய வீட்டைப் பற்றிக் கேட்டான். பிள்ளை எப்போது எழும், என்ன சாப்பிடும், பள்ளிக்கூடக் கழிவறைக்குப் போகுமா, அடம் பிடித்தால் என்ன செய்வீர்கள், வயிற்றுவலி என்று சொன்னால் என்ன செய்வீர்கள். நிழல் வெறும் சிறுநீரகமாக இருந்தால் போதாது. எப்போது குடிப்பது, எப்போது அடக்குவது என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்ய வேண்டும். அப்போதுதான் கழுத்து எப்போது அடைக்கிறது என்று தெரியும். அதனால் நிழலைச் சுற்றி அந்தப் பிள்ளையின் வீட்டையும் கட்ட வேண்டியிருந்தது.

"வயித்துவலின்னா சூட்டு வலிதான் தம்பி" என்றாள் பேச்சியம்மாள். "உப்பளத்து வெக்கையில வளருத பிள்ளைக்கு வேற என்ன வலி வரும்? ஒரு சொம்பு மோரு, இல்லன்னா பழைய சோத்து நீத்தண்ணி, மூச்சு விடாமக் குடிக்க வைப்பேன். பொட்டுத் தண்ணி மிச்சம் வைக்க விடமாட்டேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி அடிக்கடி வலின்னா. குடுத்துக் குடுத்து இப்போ வலிங்கிற பேச்சே கெடையாது."

இசக்கிராஜ் அதையும் ஏற்றினான்.

முடிவு வந்தது. நிழல்களிடம் தினம் ஒரு முறை ஒரு கேள்வி கேட்கப்படும்: வலிக்கிறதா? பதிலுக்கு ஆறு முகங்கள். முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் அழும். அறுவை செய்த நிழல் பத்து வருடமும் புலம்பித் தீர்த்தது. தையல் வலி, முட்டி வலி, பல் வலி, காய்ச்சல் என்று எதற்கெடுத்தாலும் அழுத முகம். அறுவை செய்யாத நிழல் தொடக்கத்தில் கொஞ்ச காலம் அழுதுவிட்டு, அப்புறம் பதினாறு வயது வரை சிரித்த முகத்தைத் தவிர வேறெதையும் தொடவில்லை. அதன் புனலில் அழுத்தம் ஏறவே இல்லை. மருத்துவர்கள் கூடிப் பேசி, பொறுத்திருக்கலாம் என்று எழுதினார்கள். ஜெசிந்தாவும் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று பேச்சியம்மாளிடம் சொன்னபோது, அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஊருக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் காலை இசக்கிராஜ் ஜெசிந்தாவைத் தன் அறைக்கு அழைத்தான்.

"மேடம், ஒண்ணு காட்டணும். ஒண்ணுமில்லாமக்கூட இருக்கும்."

"ஒண்ணுமில்லாததுக்கு நீ மாடியேறி வந்து கூப்பிட மாட்டியே."

அவன் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினான். ஒன்று, கேள்வி கேட்கப்பட்ட நேரம். இன்னொன்று, பதில் வந்த நேரம். ஆரம்பத்தில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. பிள்ளை யோசிக்கிறது. போகப் போக இடைவெளி சுருங்கியது. ஓரிடத்தில் கோடுகள் ஒட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு ஒன்றையொன்று தாண்டின.

"இது என்ன, பதில் முன்னாடி வருது?"

"ஆமா."

"கடிகாரம் பிசகியிருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இன்னொரு நிழலுக்கும் அதே கடிகாரம்தான் மேடம், அதுல சரியா இருக்கு." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஸ்கூல் விட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் கேள்வி வரும், தினமும். இது வாசல்லயே நின்னு சிரிச்ச முகத்தத் தொட்டுட்டுத்தான் உள்ள வருது. யாரும் இன்னும் கேக்கல. பல வருசமா இப்படி."

ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "எவ்வளவு குடிக்குது?"

அவன் அந்தக் கணக்கைத் திறந்தான். முதலில் எல்லாப் பிள்ளைகளையும் போலக் குடித்திருந்தது. பிறகு குறைந்தது. அதற்கப்புறம் சோற்றிலும் குழம்பிலும் இருக்கிற ஈரத்தைத் தவிர எதுவுமே இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பாட்டில் தினமும் காலியாகத் திரும்பியிருந்தது. தண்ணீர் வயிற்றுக்குள் போகவில்லை.

"கீழ ஊத்தியிருக்கு" என்றான் இசக்கிராஜ். "இத நான் சொல்லிக் குடுக்கல மேடம். யாருமே சொல்லிக் குடுக்கல."

அவளுக்குப் புரிய ஆரம்பித்தது. நீர் வராத புனலில் அழுத்தம் எப்படி ஏறும்? வறண்டு கிடக்கிற பாத்தியில் மடை அடைத்திருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று யாரால் சொல்ல முடியும்? கணக்கு பொய் சொல்லவில்லை. தாகத்தோடு வாழ்கிற வரை இந்தப் பிள்ளையின் சிறுநீரகம் பத்திரமாக இருக்கும் என்றுதான் அது சொல்லியிருக்கிறது. ஒரு காய்ச்சலுக்குக் குளுக்கோஸ் ஏற்றினால், வியர்க்காத மழைக்காலம் ஒன்று வந்தால், அவ்வளவுதான். கல்லும் சீழும் அதற்கு முன்பேகூட வரலாம்.

"தண்ணிய நீயே ஏத்து" என்றாள்.

"வாய் வழியா இல்லாம நேராவா?"

"நேரா."

இசக்கிராஜின் கை விசைப்பலகை மேல் தயங்கியது. "உசுரு இல்லன்னுதான் அந்த அக்காட்ட சொன்னேன்."

"தெரியும். ஏத்து."

ஏற்றினான். புனலின் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, மஞ்சளைத் தாண்டி, சிவப்புக்குள் போனது. கழுத்து அடைத்துக்கொண்டது. இந்த அளவு அழுத்தத்துக்கு, வளர்ந்த ஆள்கூடச் சுருண்டு விழுந்து வாந்தி எடுப்பார். கேள்வி கேட்கிற நேரம் அது இல்லை. இருந்தும் திரையின் ஓரத்தில் ஒரு சிரித்த முகம் தோன்றியது. அதற்குக் கீழே இன்னொன்று. பிறகு ஓயாமல் வரத் தொடங்கின. திரை நிரம்பி, மேலே நகர்ந்து, மறுபடி நிரம்பியது. அத்தனையும் சிரித்த முகங்கள்.

"கெஞ்சுது மேடம்" என்றான் அவன்.

"நிறுத்து."

நிறுத்தினான். முகங்கள் அதன் பிறகும் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தன.

"வலின்னு சொன்னா வீட்டுல என்ன நடக்கும்?" என்று ஜெசிந்தா கேட்டாள். கேட்கும்போதே பதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சொம்பு நெறைய மோரு."

சூட்டு வலிக்கு நீர் கொடுப்பது இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். ஜெசிந்தாவின் அம்மாவும் செய்திருக்கிறாள். நூறு வயிறுகளுக்கு அது நல்லதே செய்யும். ஆனால் கழுத்து இறுகிய வயிற்றில் அந்தச் சொம்பு போய் இறங்கும் இடம் வேறு. வலிக்கிறது என்று வாய் திறந்தால் வலி இரட்டிப்பாகும். அன்போடு, தலையைத் தடவிக்கொண்டு, மிச்சம் வைக்க விடாமல். நாலு வயதுப் பிள்ளை அதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்?

"அந்தப் பழக்கத்த மட்டும் வீட்டிலேருந்து எடுத்துரு. வலின்னு சொன்னா அம்மா பக்கத்துல வந்து உக்காரட்டும். வேற ஒண்ணும் தரக்கூடாது. ஆரம்பத்துல அது ஒழுங்காக் குடிச்ச அளவு தண்ணிய, நாமளே கொஞ்சம் கொஞ்சமாக் குடுப்போம். விட்ட இடத்திலேருந்து ஓட விடு."

நிழலின் நாட்கள் ஓடின. சிரித்த முகம், சிரித்த முகம், சிரித்த முகம். வாசலிலேயே நின்று தொட்டுவிட்டு உள்ளே வந்தது. இசக்கிராஜ் கொண்டுவந்த டீ இருவர் முன்னாலும் ஆறிப்போனது. பிறகு ஒரு நாள் நிழல் வாசலில் நிற்கவில்லை. வீட்டுக்குள் வந்தது. கேள்வி கேட்கப்பட்டது. பதில் வரவில்லை. கட்டம் காலியாகவே இருந்தது. இசக்கிராஜ் எதையோ தட்டப்போனான், ஜெசிந்தா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறாவது முகம் வந்தது. அழுகிற முகம். ஒன்றே ஒன்று.

அடுத்த நாள் அது வரவில்லை. சொன்னதற்கு என்ன நடக்கிறது என்று நிழல் பார்த்துக்கொண்டிருந்தது போல. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததைத் தவிர எதுவும் நடக்கவில்லை. அதற்கு மறுநாளிலிருந்து தினமும் அழுத முகம்தான்.

ஜெசிந்தா எழுந்து வார்டுக்குப் போனாள்.

பேச்சியம்மாள் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சந்தனமாரி கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பிள்ளை, உதடு வெடித்திருந்தது. இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உதடு வெடித்திருக்கும் என்பதால் ஜெசிந்தா இத்தனை நாள் அதைக் கவனித்ததில்லை.

"சந்தனா, நான் உன்கிட்ட சும்மா பேச வந்திருக்கேன். நீ என்ன சொன்னாலும் நான் ஒண்ணும் தரமாட்டேன். மோர் கிடையாது, தண்ணி கிடையாது, மாத்திரை கிடையாது."

"ஊசி?"

"இன்னிக்குக் கிடையாது."

பிள்ளை திரைச்சீலைப் பக்கம் கையைக் காட்டியது. "அம்மா வெளிய போட்டும்."

"ஏட்டி, எனக்குத் தெரியாம என்னட்டி ரகசியம் உனக்கு?" என்று பேச்சியம்மாள் சிரித்தாள். ஜெசிந்தா கண்ணைக் காட்டியதும் அவள் சிரிப்பு நின்றது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"தண்ணி உள்ள போயி இங்கன உக்காந்துக்கிடும்" என்று சந்தனமாரி இடது விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். "எறங்காது. குடிக்கலன்னா ஒண்ணும் செய்யாது."

"தாகம் எடுக்காதா?"

"எடுக்கும். வாயில வச்சிட்டுத் துப்பிருவேன்."

"அம்மாட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சொம்பு வந்துரும்" என்றாள் பிள்ளை, பெரியவர்களுக்கு இதுகூடவா தெரியாது என்பது போல.

திரைச்சீலை அசைந்தது. பேச்சியம்மாள் உள்ளே வரவில்லை. ஜெசிந்தா வெளியே போனபோது, அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"மடியில போட்டுத்தான ஊத்தினேன் டாக்டரம்மா. மூக்கப் புடிச்சி ஊத்தினேன்."

"உங்களுக்குத் தெரியாது பேச்சியம்மா. எங்களுக்கும் தெரியல. வலிக்குதான்னு மட்டுந்தான் கேட்டோம். வலிக்குதுன்னு சொன்னா என்ன ஆகும்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அத நாங்க கேக்கல."

நிழலின் அழுகையை நம்பி ஒரு பிள்ளையை வெட்ட முடியாது. பழைய கேமராவின் மேலிருந்த துணியை எடுத்துத் தூசி தட்டினார்கள். ஊசி போடுவதற்கு முன் ஜெசிந்தா பிள்ளையிடம் எதையும் மறைக்கவில்லை. "இப்போ உள்ள தண்ணி போகும். வலிக்கும். வலிச்சதும் கத்து. நீ கத்தின உடனே நிறுத்திடுவேன்."

மருந்து போனது, நீர் போனது. திரையில் வலது பக்கம் ஒளிர்ந்து, வடிந்து, மங்கியது. இடது பக்கம் ஒளிர்ந்து, அப்படியே நின்றது. சந்தனமாரி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஜெசிந்தா சிரிக்கவில்லை, காத்திருந்தாள். பேச்சியம்மாள் மகளின் காதருகே குனிந்து, "கத்துட்டி என் தங்கம், கத்து" என்றாள். பிள்ளை வாயைத் திறந்து கத்தியது. தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. ஜெசிந்தா அந்த நொடியே நீரை அடைத்தாள். அதற்குள் படம் கிடைத்துவிட்டிருந்தது.

அறுவை மேசையில் காரணம் தெரிந்தது. சிறுநீரகத்தின் அடிப்பகுதிக்கு ஒரு சின்ன இரத்தக் குழாய் தனியாக வந்துகொண்டிருந்தது. சிலருக்கு இயற்கையாகவே அப்படி ஒன்று இருக்கும். அது சரியாகப் புனலின் கழுத்துக்கு முன்னால் குறுக்கே ஓடியது. புனல் காலியாக இருக்கும்போது தொந்தரவில்லை. நிரம்பி உப்பும்போது, கொடியில் போட்ட ஈரத்துணி போல அந்தக் குழாயின் மேல் வழிந்து தொங்கி, கழுத்து மடங்கிக்கொள்ளும். அதனால்தான் விட்டு விட்டு வலி. ஜெசிந்தா இறுகிய கழுத்தை வெட்டி எடுத்தாள். இரத்தக் குழாயைத் தொடவில்லை. மூத்திரக் குழாயை அதற்கு முன்பக்கமாகக் கொண்டுவந்து, வாயைச் சாய்வாகப் பிளந்து அகலமாக்கி, தலைமுடியைவிட மெல்லிய நூலால் புனலோடு சேர்த்துத் தைத்தாள். தையல் ஆறும் வரை தாங்க உள்ளே மெல்லிய ரப்பர் குழல் ஒன்றை வைத்தாள். சதை நிறைய மிச்சமிருந்தது. அந்தப் பிள்ளை தாகத்தால் காப்பாற்றி வைத்திருந்த சதை.

நாலைந்து நாளில் சந்தனமாரி வார்டையே படுத்தி எடுக்க ஆரம்பித்தாள். தையல் அரிக்கிறது, இட்லி கல்லாக இருக்கிறது, பக்கத்துக் கட்டில் பையன் முறைக்கிறான். "வாய அடக்குட்டி" என்று சொல்ல வாயெடுத்த பேச்சியம்மாள், ஒவ்வொரு முறையும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள்.

ஜெசிந்தா இசக்கிராஜின் அறைக்குத் திரும்பிப் போனாள்.

"பொறுத்திருக்கலாம்னு நாம அனுப்பின பிள்ளைங்க. அவங்க நிழல் எல்லாம் இருக்கா?"

"எடுத்து வச்சிட்டேன் மேடம்" என்றான் அவன். அவள் கேட்பாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. "கேள்விக்கு முன்னாடி பதில் சொன்னதுங்கள மட்டும் பிரிச்சேன்."

திரையை அவள் பக்கம் திருப்பினான். அவள் மேலிருந்து கீழே படித்தாள். விரலால் நகர்த்தி மறுபடி படித்தாள். பெரும்பாலும் பெண் பிள்ளைகள். எல்லோரையும் அவளுக்கு நினைவிருந்தது. தொந்தரவே தராத பிள்ளைகள் என்று தாய்மார்கள் மெச்சிக்கொண்ட பிள்ளைகள்.

முதல் எண்ணுக்குப் போன் போட்டாள். விளாத்திகுளம் பக்கம். ஒரு தாய் எடுத்தாள்.

"டாக்டரம்மாவா, நல்லா இருக்கீங்களா? எங்க பிள்ளையா? அவளுக்கென்ன, பத்தாவது படிக்கா. ஒரு நாள் வலின்னு படுத்ததில்ல. டீச்சருங்ககூடச் சொல்லுவாவ, ஒரு தடவகூட வெளிய போணும்னு எந்திரிக்க மாட்டாளாம். இந்தா, பக்கத்துலதான் நிக்கா, பேசுங்க."

போன் கை மாறியது.

"நான் டாக்டர் ஜெசிந்தா பேசுறேன்ம்மா."

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்" என்றாள் அந்தப் பெண், இனிமையாக. "நான் நல்லாத்தான் இருக்கேன்."

ஜெசிந்தா இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"அம்மா பக்கத்துல இருந்தாக் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசும்மா" என்றாள். "நீ என்ன சொன்னாலும் யாரும் உனக்கு ஒண்ணும் குடுக்கமாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு. அவசரமில்ல."

அந்தப் பக்கம் கதவு ஒன்று சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மூச்சு மட்டும். இசக்கிராஜ் ஏதோ கேட்பது போல அவளைப் பார்த்தான். ஜெசிந்தா கையை உயர்த்தி அவனை நிறுத்திவிட்டு, போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.